திருமணச் சடங்குகளின் உட்பொருள்

(பங்குனி உத்திரத் திருக்கல்யாண நன்னாளில் திருக்கோயில் மண்டபத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப் புலவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



எல்லாம் வல்ல இறைவனுடைய திருக்கல்யாணத்தைச் சற்று முன்னர்க் கண்ணாரக் கண்டு மகிழ்ந்தோம். பங்குனி உத்திரம் தெய்வத் திருமணங்களுக்கு உரிய நாள். அம்மையப்பருக்கும், முருகப்பெருமானுக்கும் தெய்வயானை அம்மையாருக்கும், சீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியாருக்கும் ரங்கமன்னாருக்கும் மணவிழா நிகழும் நாள் இது. கெட்டிமேளம் முழங்கியபோது இங்கிருந்த தாய்மார் பலர் தத்தம் திருமாங்கல்யத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டதைக் கண்டேன். இந்நல்ல வேளையில், நம் இல்லங்களில் நிகழும் திருமணச் சடங்குகளின் உட்பொருளைக் குறித்துச் சில சொல்லுமாறு திருக்கோயிலார் பணித்தனர். அடியேன் கற்றதையும், கற்றும் நெடுநாள் உணராதிருந்த ஒன்றையும் உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கரணம் ஏன் தோன்றிற்று?

திருமணச் சடங்குக்குத் தமிழில் பழம்பெயர் ‘கரணம்’ என்பது. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் கற்பியல் என்னும் இயலில் இதனைப் பேசுகின்றார். சடங்கு ஏன் ஏற்பட்டது என்பதற்கு அவர் கூறும் காரணம் நம்மைச் சிந்திக்கச் செய்வது. உலகில் பொய்ம்மையும் நெறி வழுவுதலும் தலைகாட்டிய பின்னர், சான்றோர் கூடிக் கரணத்தை வகுத்தனர் என்பது அவர் கருத்து. ஒருத்தியோடு கூடி வாழ்ந்தவன் பின்னர் ‘இவளை நான் அறியேன்’ என்று கூறத் துணிந்த காலத்தில், அவ்வாறு கூற இயலாதபடி ஊரைச் சான்றாக நிறுத்தியதே கரணம்.

இஃது உரைகாரர் கற்பனையன்று. அகநானூற்றின் 256 ஆம் பாடலில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. கள்ளூர் என்னும் ஊரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். ஊர் அவையத்தார் சான்றுகளை வினவி உண்மை தெளிந்தனர். அவனைப் பற்றிக் கட்டி, அவன் தலையில் நீற்றைக் கொட்டித் தண்டித்தனர். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ் அவையம் பெண்ணின் பக்கம் நின்ற வரலாறு இது.

ஆகவே அன்பர்களே, ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். சடங்கு பெண்ணுக்குக் காவலாகப் பிறந்தது. இன்று நான் சொல்லப்போவன அனைத்தும் இந்த ஒன்றன் விரிவே.

பழந்தமிழர் மணவிழா

அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்கள் பழந்தமிழர் திருமணத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. உழுத்தம் பருப்பிட்டுக் குழைய வெந்த சோற்றை வருவோர்க்கெல்லாம் படைக்கின்றனர். வரிசையாகக் கால் நட்டுப் பந்தலிட்டுப் புதுமணல் பரப்புகின்றனர். விளக்கேற்றி மாலை தொங்கவிடுகின்றனர். திங்கள் உரோகிணியோடு கூடிய நல்ல வேளை. இருள் நீங்கும் விடியற்பொழுது. முதிய மகளிர் தலையில் குடத்தையும் கையில் அகன்ற கலத்தையும் ஏந்தி வருகின்றனர். மக்களைப் பெற்ற தாய்மார் நால்வர் கூடி, நீரொடு பூவும் நெல்லும் மணமகளின் கூந்தலில் விளங்கச் சொரிந்து, நெறி வழுவாது பலர்க்கும் உதவி, கொண்டவன் விரும்பிப் பேணும் துணையாகத் திகழ்க என்று வாழ்த்துகின்றனர். இவ்வளவே திருமணம். செலவு உழுந்தும் அரிசியும். அணி மணலும் பூவும். மந்திரம் தாய்மாரின் வாழ்த்து.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலுக்கு வரும்போது வேறொரு காட்சியைக் காண்கின்றோம். முத்துப் பந்தல், நீலப் பட்டு விதானம், மாமுது பார்ப்பான் மறைவழி காட்ட மணமக்கள் தீவலம் வருதல் ஆகியன அங்கே உள்ளன. புகாரின் பெருவணிகர் இல்லத்து மணம் அது. எனினும், திங்கள் உரோகிணியைச் சேரும் வேளை அங்கும் மாறவில்லை. பூவும் விரையும் முளைப்பாலிகையும் ஏந்திய மகளிர் வாழ்த்துவதும் மாறவில்லை. காலந்தோறும் புதியன வந்து சேர்கின்றன; வாழ்த்தும் சான்றும் மட்டும் நிலைத்து நிற்கின்றன.

ஆண்டாள் நாச்சியார் தம் கனவைத் தோழிக்கு உரைப்பதாக அமைந்த நாச்சியார் திருமொழியின் ஆறாம் பத்து, திருமணச் சடங்குகளை வரிசையாகக் கூறும் அரிய ஆவணமாகும். பந்தலிடுதல், கூறைப்பட்டு உடுத்தல், நாற்றிசைத் தீர்த்தம் தெளித்தல், காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரியிடுதல், மஞ்சனமாட்டி ஊர்வலம் வருதல் என இன்றைக்கும் நாம் காணும் சடங்குகள் பல அங்கு இடம்பெறுகின்றன. வைணவ இல்லத் திருமணங்களில் இப்பாசுரங்களை ஓதும் மரபு இன்றளவும் உண்டு.

பந்தற்கால், பாலிகை, காப்பு

திருமணத்தின் முதல் சடங்கு பந்தற்கால் நடுதல். முகூர்த்தக்கால் என்றும் கூறுவர். வடகிழக்காகிய ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியமும் பாலும் இட்டு, மஞ்சள் பூசி மாவிலை கட்டிய மூங்கிலை நடுவர். கல்யாண முருங்கைக் கிளையை நடுவாரும் உளர். மணவீட்டில் நடப்பெறுவதனாலேயே அம்மரம் அப்பெயர் பெற்றது. மூங்கில் போலக் கிளைத்து வளர்க என்பது பொருள். மணமேடையில் நிறுத்தும் அரசாணிக்காலை ‘அரசன் ஆணைக்கால்’ என்று விரித்து, மன்னனையே சான்றாக வைத்த குறிப்பு என்பர் சிலர். அரசங்கிளை நடுதலால் அப்பெயர் வந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் சான்று என்னும் கருத்தே அங்கும் நிற்கின்றது.

முளைப்பாலிகை, சிறு மட்கலங்களில் மண்ணும் எருவும் இட்டுத் தானியங்களைப் பாலில் நனைத்து விதைத்தல். திருக்கோயில் திருவிழாக்களின் தொடக்கத்தில் சிவாச்சாரியார்கள் செய்யும் அங்குரார்ப்பணமும் இதுவே. கடவுள் விழாவுக்கும் மனித மணத்துக்கும் முன்னோர் ஒரே தொடக்கத்தை வைத்தனர். விதைத்தவர் நாள்தோறும் நீர் தெளித்தாலன்றி முளை வராது. இல்லறமும் அத்தகையதே.

காப்புக் கட்டுதல், எடுத்த செயல் முடியும்வரை வேறொன்றிலும் மனம் செல்லாது என்று நோன்பு கொள்ளுதல். மஞ்சள் நூல் ஒன்று கையில் ஏறியதும் மணமகன் திருமால் ஆகின்றான்; மணமகள் திருமகள் ஆகின்றாள். அந்நாளில் மட்டுமாவது அவர்களை நாம் வணங்குகின்றோம்.

மாலை மாற்றல், ஊஞ்சல், காசியாத்திரை முதலியன மகிழ்ச்சிக்கும் உறவினர் நகைச்சுவைக்கும் உரியவை. குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் அவை வேறுபடும். கொங்கு நாட்டில் அருமைக்காரர் என்னும் பெரியவர் முன்னின்று சீர்களைச் செய்விப்பார். மங்கல வாழ்த்துப் பாடப்பெறும். ஒருவர் வழக்கம் உயர்ந்தது, மற்றொருவர் வழக்கம் தாழ்ந்தது என்று பேசுவதற்கு இடமேயில்லை. 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் இரு வீட்டாருள் ஒருவரின் வழக்கப்படி நிகழும் சடங்கை ஏற்கின்றது. தமிழ்நாட்டில் 1967 இல் கொணர்ந்த திருத்தம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் எளிய மணத்தையும் செல்லுபடியாக்கிற்று. சான்று ஒன்றே இன்றியமையாதது என்ற தொல்காப்பியர் நெறிக்கு இஃது ஒத்ததே.

தாரை வார்த்தல்

பெண்ணைப் பெற்றவர் நீர் வார்த்து மணமகன் கையில் ஒப்படைக்கும் சடங்கு இது. கன்னிகாதானம் என்று வடமொழியில் வழங்குவர். தானம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், பெண் என்ன பொருளா என்று இக்காலப் பிள்ளைகள் வினவுகின்றனர். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை அச்சடங்கின் உள்ளேயே இருக்கின்றது. நீர் வார்க்கும் தந்தை, மணமகனிடம் ஓர் உறுதிமொழி கேட்கின்றார். அறத்திலும் பொருளிலும் இன்பத்திலும் இவளைக் கடந்து நடத்தலாகாது என்பது அவர் கேட்பது. கடந்து நடவேன் என்று மணமகன் அவையறிய வாக்களித்த பின்னரே சடங்கு நிறைவுறும். பொருளை விற்பவரோ கொடுப்பவரோ வாங்குபவரிடம் இத்தகைய வாக்குறுதி கேட்பதில்லை. தம் உயிரை ஒப்படைப்பவரே கேட்பர்.

இவ்வாறு வாக்களித்தவன், வண்டியும் நகையும் ரொக்கமும் குறைந்தன என்று பின்னர்ப் பெண்ணைத் துன்புறுத்துவானாயின், ‘பொருளில் கடவேன்’ என்ற சொல் என்னாயிற்று? 1961 ஆம் ஆண்டுமுதல் வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அக்கினி முன் சொன்ன சொல்லுக்கு அஞ்சுபவனுக்குச் சட்டம் வேண்டா. அஞ்சாதவனுக்காகவே சட்டம் வந்தது.

திருமாங்கல்யம்

தாலி பழமையானதா, பிற்காலத்ததா என்று தமிழறிஞர்களிடையே நீண்ட வாதம் நிகழ்ந்ததுண்டு. நான் மேலே கூறிய அகநானூற்றுப் பாடல்களில் தாலி கட்டும் செய்தி இல்லை. ஆனால் ‘தாலி’ என்னும் சொல் புறநானூற்றின் 77 ஆம் பாடலில் உள்ளது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளையவனாகப் போர்க்களம் புகுந்தான். சிறு பருவத்தில் அணிந்த தாலியைக்கூட அவன் இன்னும் களையவில்லை என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கின்றார். குழந்தைகளைத் தீங்கு அணுகாவண்ணம் காக்க அணிவித்ததே அத்தாலி. திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவம் பொறித்த ஐம்படைத் தாலியும் அவ்வகையினதே. ஆகவே தாலி என்பது தொடக்கம் முதலே காவற்பொருள். அன்பு மிக்கவர் தம் அன்புக்குரியவர்மேல் கட்டும் காப்பு.

பொன் இல்லையே என்று எந்த ஏழைத் தந்தையும் கலங்க வேண்டா. மஞ்சள் தோய்ந்த நூலில் ஒரு மஞ்சட்கிழங்கைக் கோத்துக் கட்டினால் அதுவும் திருமாங்கல்யமே. மூன்று முடிச்சில் முதல் முடிச்சை மணமகன் இடுவான். ஏனைய இரண்டை அவன் உடன்பிறந்தாள் இடும் வழக்கம் பலரிடம் உண்டு. புகுந்த வீட்டுப் பெண் ஒருத்தி, வருபவளுக்கு நானும் துணை என்று அவை முன் கூறும் குறிப்பு அது. நாத்தனார்கள் இதனை மறவாதிருத்தல் நலம்.

அம்மி, அடி, அருந்ததி

கல்லைப் போல உறுதியாக நில் என்பது அம்மி மிதித்தலின் பொருள். அதனினும் நுட்பமான ஒன்று அங்கு நிகழ்கின்றது. மணமகன் குனிந்து, பெரியோர் பலர் காண, மணமகளின் அடியைத் தன் கையால் எடுத்து அம்மிமேல் வைக்கின்றான். ஆண்டாளின் கனவிலும் எம்பெருமானே தம் திருக்கையால் அவள் தாளைப் பற்றுகின்றார். உலகளந்த பெருமான் ஒரு பெண்ணின் காலைத் தொட்டுத் தூக்கக் கூசவில்லை. வீட்டில் மனைவிக்கு ஒரு குவளை நீர் எடுத்துத் தரக் கூசும் ஆடவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொரியிடுதலில் மணமகளின் உடன்பிறந்தான் வந்து அவள் கையில் பொரியை இடுகின்றான். பிறந்த வீட்டின் கதவு அவளுக்கு அடைபடவில்லை என்பதே அதன் குறிப்பு.

ஏழடி நடத்தலில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வேண்டுதல் உண்டு. உணவு, வலிமை, நோன்பு, இன்பம், கால்நடைச் செல்வம், பருவங்களின் நலம், வேள்வியின் நலம் என்பன அவை. ஏழாம் அடி வைத்ததும் மணமகன் அவளைத் தோழி என்று அழைக்கின்றான். ஏழடி சேர்ந்து நடந்தோர் நண்பர் என்பது பழைய வழக்கு. ஏழடி நடக்கும் வழக்கமுள்ள திருமணங்களில் ஏழாம் அடியோடு மணம் முற்றுப்பெறும் என 1955 ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகின்றது.

அருந்ததி காட்டுதல், வானத்தில் எழுமுனிவர் மண்டலத்தில் வசிட்ட மீனுக்கு அருகே கூர்ந்து நோக்குவார்க்கே புலப்படும் சிறு மீனைக் காட்டுதல். முதலில் அருகிலுள்ள பெரிய மீனைக் காட்டி, அதன்வழி நுண்ணிய மீனுக்குக் கண்ணைக் கொண்டு செல்ல வேண்டும். தெரிந்ததைக் காட்டித் தெரியாததை உணர்த்தும் முறைக்கு நூலோர் ‘அருந்ததி நியாயம்’ என்றே பெயரிட்டனர். சிலப்பதிகாரம் அருந்ததியைச் சாலி என்று குறித்துக் கண்ணகியை அதற்கு ஒப்பிடும். இன்று நண்பகலில் மண்டபக் கூரையைக் காட்டி ‘அருந்ததி பார்த்தாயிற்றா?’ என்கின்றோம். பகலில் மணம் நிகழ்வது குற்றமன்று. அன்றிரவு வீட்டு முற்றத்தில் நின்று மணமக்கள் இருவரும் உண்மையாகவே அம்மீனைத் தேடிப் பார்க்கட்டும். சடங்குகள் யாவுமே அருந்ததி நியாயந்தான். கண்ணுக்குத் தெரியும் நூலையும் கல்லையும் காட்டிக் கண்ணுக்குத் தெரியாத அன்பையும் அறத்தையும் உணர்த்துகின்றன.

அடியேன் கற்றும் உணராத ஒன்று

அன்பர்களே, இதுவரை சொன்னவை நூலில் உள்ளவை. இனிச் சொல்லப்போவது என் வாழ்வில் நிகழ்ந்தது. இதனைப் பொது மேடையில் கூறுவது எனக்கு எளிதன்று.

எனக்குப் பத்தாண்டு மூத்த தமக்கையார் ஒருவர் இருந்தார். இருபத்து நான்காம் வயதில் கணவரை இழந்தார். கையில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. பிறர் கையை எதிர்பாராமல், அப்பளம் இட்டும் வடகம் பிழிந்தும் விற்று அப்பெண்ணைப் படிக்க வைத்தார். 1980 ஆம் ஆண்டில் அப்பெண்ணுக்குத் திருமணம். தாய்மாமனாகிய நானும் என் மனைவியும் மணமேடையில் அமர்ந்து தாரை வார்த்தோம். பெற்ற தாய் எங்கே இருந்தார் என்று கேட்கின்றீர்களா? உக்கிராண அறையின் கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கும் காய்கறிக் கூடைகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். அவரை அங்கே போகுமாறு எவரும் கட்டளையிடவில்லை. போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் போனபோது தடுக்க வேண்டும் என்று எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாலி ஏறிய பின், மணமகள் அங்குமிங்கும் பார்த்து, “மாமா, அம்மா எங்கே?” என்றாள். நான், “பிறகு பார்க்கலாம், அக்கினியைப் பாரம்மா” என்றேன். தமிழ்ப் புலவனாகிய நான் சொன்ன விடை அது.

அன்று மாலை, பந்தல் ஓய்ந்த பின்னர், தமக்கையாரிடம் சென்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார். “கெட்டிமேளச் சத்தம் நல்லாக் கேட்டுது தம்பி. எனக்கு அது போதும்” என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றும் எந்த மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கினாலும் அச்சொல் என் காதில் விழுகின்றது.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. அதே ஆண்டில்தான் எங்கள் ஊர்த் திருக்கோயிலில் திருவிளையாடற் புராணத்தை மாலைதோறும் விரித்துரைத்து வந்தேன். அதில் என்ன இருக்கின்றது தெரியுமா?

தமிழகத்தின் தலையாய திருமணம் மதுரை மீனாட்சியம்மையின் திருக்கல்யாணம். ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் அதற்கு எழுந்தருள்கின்றனர். பெருமாள் உடன்பிறந்தார் நிலையில் நின்று தங்கையைத் தாரை வார்த்துத் தருகின்றார். தந்தை மலயத்துவச பாண்டியன் எங்கே? அவர் முன்னரே விண்ணுலகு எய்திவிட்டார். தடாதகைப் பிராட்டியார் முடிசூடிப் பாண்டிநாட்டை ஆண்டார். அவ்வாறாயின், மகளுக்கு மணம் முடிக்க வேண்டும் என்று கவலையுற்ற தாய் காஞ்சனமாலை யார்? கணவனை இழந்தவர்!

மணம் முடிந்த பின்னர்க் காஞ்சனமாலை கடலாட விரும்பினார். மருமகனாகிய சோமசுந்தரக் கடவுள் அவர்பொருட்டு ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார். கணவன் கையையோ மகன் கையையோ கன்றின் வாலையோ பற்றி நீராட வேண்டும் என்பது விதி. அவருக்குக் கணவனும் இல்லை, மகனும் இல்லை. இறைவன் என்ன செய்தார்? விண்ணிலிருந்த மலயத்துவசனையே வரவழைத்து, அவர் கையைப் பற்றி நீராடச் செய்தார். மதுரையில் எழுகடல் தெரு என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது.

உலகாளும் அம்மையின் திருமணத்தில் பெண்ணைப் பெற்ற தாய் கைம்பெண். அதனால் அத்திருமணத்துக்கு என்ன குறை வந்தது? அம்மணத்தைக் கண்டு நம் தாய்மார் தம் தாலிச்சரட்டை மாற்றிக்கொள்கின்றனர். அந்தத் தாயின் மனக்குறையை மருமகனாகிய இறைவன் கடலைக் கொணர்ந்து தீர்த்தார். நான் என் தமக்கையின் மனக்குறையை ஒரு சொல்லாலும் தீர்க்கவில்லை. மாலையில் காஞ்சனமாலையின் கதையைச் சொன்ன வாய், காலையில் என் வீட்டுக் காஞ்சனமாலையைக் கூப்பிடவில்லை.

திருத்திக்கொண்ட நாள்

இறைவன் எனக்கு மற்றொரு வாய்ப்பைத் தந்தான். அந்த மருமகளும் காலத்தின் கொடுமையால் கணவரை இழந்தாள். 2009 ஆம் ஆண்டில் அவள் மகளுக்குத் திருமணம். முகூர்த்த வேளை நெருங்கியது. மருமகள் தன் தாய் செய்ததைப் போலவே மெல்ல ஒதுங்கினாள். யாரும் கற்பிக்காமலே அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் எழுந்து சென்று அவள் கையைப் பற்றி, “நீதான் தாரை வார்க்க வேண்டும். வா” என்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சடங்கு நடத்திய பெரியவரைப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் கண்மூடி இருந்தார். பின்னர், “பெற்றவள் கைநீரைவிடத் தூய நீர் எனக்குத் தெரியாது. வாருங்கள் அம்மா” என்றார்.

மாங்கல்யத் தட்டு ஆசி பெறுவதற்காகச் சுற்றி வரும் வழக்கம் உண்டல்லவா? அதனை முதலில் என் தமக்கையாரிடம் கொடுக்கச் சொன்னேன். எழுபதைக் கடந்தவர். சுவரோரம் அமர்ந்திருந்தார். தட்டு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். “வேண்டாம் தம்பி, எனக்குப் பழகலை” என்றார். பேத்தி மணமேடையிலிருந்து, “ஆச்சி தொட்டால்தான் கட்டிக்கொள்வேன்” என்றாள். தமக்கையார் நடுங்கும் விரல்களால் அந்த மஞ்சட் சரட்டைத் தொட்டார். பின்னர் அவ்விரல்களையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பேத்தி இன்று இரு மக்களுக்குத் தாயாக நலமுற வாழ்கின்றாள். இதனை ஒரு சான்றாக நான் சொல்லவில்லை. நாளை அவளுக்கு ஒரு துன்பம் வரினும் அது பாட்டியின் விரலால் வந்ததாகாது. கணவன் இறப்பது ஊழ். அதற்கு மனைவியைக் குற்றவாளியாக்குவது நாம் செய்யும் கொடுமை. தமக்கையார் இன்று இல்லை. முதல் திருமணத்தில் செய்ய வேண்டியதை இருபத்தொன்பது ஆண்டு கழித்துச் செய்தேன். அந்த இருபத்தொன்பது ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவார்?

நிறைவுரை

அன்பர்களே, பெண்ணுக்குக் காவலாகப் பிறந்தது கரணம் என்று தொடக்கத்தில் கூறினேன். அக்கரணத்தையே வேலியாக்கி ஒரு தாயை உக்கிராண அறைக்குள் நிறுத்துவோமானால், தொல்காப்பியர் வகுத்ததாகச் சொன்ன நெறியை நாமே முறித்தவர் ஆவோம். பழந்தமிழ் மணத்தில் வாழ்த்தியவர் மக்களைப் பெற்ற தாய்மார். அத்தாய்மையே மங்கலம்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவன மூன்று.

முதலாவது, மணநாளுக்கு முன் ஒரு மாலையில் மணமக்களை அமரவைத்து, சடங்குகளின் பொருளை எளிய தமிழில் கூறுங்கள். பொருளறிந்து வைக்கும் ஓரடி, அறியாது வைக்கும் ஏழடியினும் மேலானது.

இரண்டாவது, கடன் வாங்கி மணம் செய்யாதீர்கள். உழுந்துச் சோறும் புதுமணலும் கொண்டு நம் முன்னோர் இனிது மணந்தனர். திருக்கோயில் சந்நிதியில் ஒரு மாலையும் மஞ்சட் சரடும் கொண்டு மணம் செய்துகொள்வதில் எக்குறையும் இல்லை. தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயமானது. அதனைத் தவறாது செய்யுங்கள். ஊரார் சான்றோடு அரசின் சான்றும் சேரட்டும். அதுவும் இக்காலத்துக் கரணமே.

மூன்றாவது, உங்கள் இல்லத் திருமணத்தில் கெட்டிமேளம் முழங்கும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தூணுக்குப் பின்னாலோ, சமையற்கட்டின் வாயிலிலோ, கடைசி வரிசையிலோ ஒரு தாய், ஒரு பாட்டி, ஓர் அத்தை ஒதுங்கி நிற்கின்றாரா என்று பாருங்கள். அவர் தாமாக வரமாட்டார். நீங்கள் சென்று கையைப் பற்றி அழைத்து வாருங்கள். அவர் கையில் அட்சதையைக் கொடுங்கள். ஏழு கடலைக் கொணர நம்மால் இயலாது. பத்தடி நடந்து சென்று அழைக்க இயலும்.

காஞ்சனமாலையின் மருகனாகிய சோமசுந்தரப் பெருமானும், அங்கயற்கண் அம்மையும் உங்கள் இல்லந்தோறும் எழுந்தருளி, எல்லாத் தாய்மாரையும் மங்கலமாக வைத்தருள்வார்களாக என்று வேண்டி அமைகின்றேன்.

வாழ்க அந்தணர் முதல் அனைத்துயிரும்! வளர்க இல்லறம்!

திருச்சிற்றம்பலம்